83 டெஸ்ட்டா, 6 டெஸ்ட்டா? பேக்கேஜுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

போன ஜனவரியில் ஒருநாள் ராத்திரி அண்ணி போன் செய்தார். "தம்பி, 83 டெஸ்ட் 1,799 ரூபாய்னு வந்திருக்கு, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போவாங்களாம். அண்ணனுக்கும் எனக்கும் அத்தைக்கும் சேர்த்துப் போட்டுடலாமா? நாளையோட ஆஃபர் முடியுதாம்."

அண்ணிக்கு 47 வயது, அண்ணனுக்கு 52, அம்மாவுக்கு 71. நான் திருச்சி தில்லைநகரில் ஒரு லேபில் 14 வருஷம் டெக்னீஷியனாக இருந்தவன் என்பதால் குடும்பத்தில் ரத்தம் சம்பந்தப்பட்ட கேள்வி எதுவானாலும் என்னிடம்தான் வரும். "இப்போ போட வேண்டாம் அண்ணி, ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் யோசித்ததும் அதற்குப் பிறகு நாங்கள் செய்ததும்தான் இது. நான் டாக்டர் இல்லை, ரத்தத்தை எடுத்து, சுழற்றிச் சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்து, மெஷினில் வைத்து, ரிப்போர்ட் அடித்தவன். அந்த இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். இன்னொன்று, இது உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லாமல் "சும்மா ஒருமுறை பார்த்துடலாம்" என்று நினைப்பவர்களுக்கானது. காரணமில்லாமல் எடை குறைகிறது, மூச்சு வாங்குகிறது, அடிக்கடி தாகம் எடுக்கிறது என்றால் பேக்கேஜும் வேண்டாம், இந்தக் கட்டுரையும் வேண்டாம், நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் பெரிய பேக்கேஜ், தனியார் மருத்துவமனையின் மாஸ்டர் ஹெல்த் செக்கப், ஆரம்ப சுகாதார நிலையம், அப்புறம் தெரிந்த டாக்டரைப் பார்த்து அவர் எழுதித் தரும் நாலைந்து டெஸ்ட்டை மட்டும் எடுப்பது. எதுவும் செய்யாமல் இருப்பது ஐந்தாவது வழி. 52 வயதுவரை அண்ணன் செய்தது அதைத்தான், அதை நான் ஏற்கவில்லை.

83 எப்படி 83 ஆகிறது

முதலில் அந்த எண்ணிக்கையைப் பார்ப்போம். ரத்த அணுக்களைப் பார்க்கும் சிபிசி என்ற ஒரே பரிசோதனை ரிப்போர்ட்டில் இருபது வரிக்கு மேல் வரும். கொழுப்பு டெஸ்ட் எட்டு ஒன்பது வரி, அதிலும் விஎல்டிஎல் என்பது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்துப் போடுவது, கீழே இருக்கும் விகிதங்கள் எல்லாம் கணக்கு. லிவர் டெஸ்ட் பத்துப் பதினொரு வரி, சிறுநீர் டெஸ்ட் பதினைந்து வரி. ஆக 83 என்று போட்டிருந்தாலும் உண்மையில் எடுப்பது பத்துப் பன்னிரண்டு செட். இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் 83 என்பதை 83 நோய்களுக்கான சோதனை என்று அண்ணி நினைத்திருந்தார், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இத்தனையும் ஒன்றாக மலிவாக வருவதற்குக் காரணம் மெஷின். ஒரு காலத்தில் ஒவ்வொரு டெஸ்ட்டையும் கையால் செய்ய வேண்டும், அதனால் டாக்டர் தேவையானதை மட்டும்தான் கேட்பார். அமெரிக்காவில் கிளீவ்லண்டைச் சேர்ந்த லியோனர்ட் ஸ்கெக்ஸ் கண்டுபிடித்த ஆட்டோ அனலைசரை 1957இல் டெக்னிகான் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் ஒரே சாம்பிளில் 12 டெஸ்ட், மணிக்கு 60 சாம்பிள் என்று ஓடும் மெஷின்கள் வந்துவிட்டன. ஒன்றைக் கேட்ட டாக்டருக்குப் பன்னிரண்டு வந்தது. மீதிப் பதினொன்றை அவர் கேட்கவில்லை, ஆனால் ரிப்போர்ட்டில் வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. நான் வேலை பார்த்த லேபிலும் அப்படித்தான், சீரம் மெஷினுக்குள் போய்விட்டால் கூட நான்கு டெஸ்ட் ஓட்டுவதற்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. விலை குறைந்ததற்கும் அந்த டெஸ்ட் உங்களுக்குத் தேவையா என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

போல்டு எழுத்து

ரிப்போர்ட்டில் வலது பக்கம் நார்மல் ரேஞ்ச் என்று இரண்டு எண்கள் இருக்கும், அதைத் தாண்டினால் உங்கள் எண் போல்டு எழுத்தில் வரும். அந்த ரேஞ்சை எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை. ஆரோக்கியமான ஆட்களின் ரத்தத்தை எடுத்து அளந்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் அளவை நார்மல் என்று வைக்கிறார்கள். அதாவது மேலே இரண்டரை, கீழே இரண்டரை என்று நூற்றுக்கு ஐந்து ஆரோக்கியமான ஆட்கள், ஒரு நோயும் இல்லாமலே, அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். (சுகர், கொழுப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் நோய் வரும் வாய்ப்பைப் பார்த்துத் தனியாகக் கோடு போட்டிருக்கிறார்கள்.) ஒரு டெஸ்ட் எடுத்தால் இது பெரிய விஷயமில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு குறையும் இல்லாத 100 பேரில் 64 பேருக்கு ஏதாவது ஒன்றாவது போல்டில் வரும். 40 எடுத்தால் 87 பேருக்கு. உண்மையில் டெஸ்ட்கள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் குறையும், ஆனால் போக்கு அதுதான். பெரிய பேக்கேஜ் எடுத்துவிட்டு ஒரு போல்டு எழுத்தும் இல்லாத ரிப்போர்ட்டோடு வந்தவர்களை என் 14 வருஷத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

என் சின்ன அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அண்ணியிடம் நான் முதலில் சொன்னதும் அதைத்தான். அவனுக்கு 26 வயது, சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வந்து அப்படியே படுக்கிறவன். கம்பெனியில் சலுகை விலையில் கிடைக்கிறது என்று ஒரு பேக்கேஜ் எடுத்தான். மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபின் 2.3 என்று போல்டில் வந்தது, மேலே 1.2க்குள் இருக்க வேண்டும். மஞ்சள் காமாலை என்று அவனே முடிவு செய்துவிட்டான், அக்கா அழுதுகொண்டே சென்னைக்குப் போய் அவனை ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார். தினமும் காலையில் கீழாநெல்லி, எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது, மோர் சாதம் மட்டும். மூன்று வாரத்தில் 4 கிலோ குறைந்தான். அப்போது ஓடிக்கொண்டிருந்த கல்யாணப் பேச்சையும் "பையனுக்கு உடம்பு சரியாகட்டும்" என்று தள்ளிப் போட்டார்கள். எனக்கு விஷயம் வந்தபோது ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். டைரக்ட் பிலிருபின் 0.4, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற மற்ற லிவர் எண்கள் எல்லாம் நார்மல், ஹீமோகுளோபின் 15. "ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி எப்போடா சாப்பிட்டே?" என்று கேட்டேன். முந்தைய நாள் மத்தியானம் மூன்று மணிக்கு. ரத்தம் எடுத்தது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. 18 மணி நேரப் பட்டினி.

கில்பர்ட் சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு. நூற்றில் ஏறக்குறைய ஐந்து பேருக்குப் பிறவியிலேயே பிலிருபினை வெளியேற்றும் நொதி கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். பட்டினி கிடந்தால், தூக்கம் கெட்டால், காய்ச்சல் வந்தால் அளவு ஏறும், அப்புறம் தானாக இறங்கும். அது நோயே இல்லை, மருந்தும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம், சொல்லப்போனால் பட்டினி கிடந்தால்தான் அது இன்னும் ஏறும். குடல் நோய் டாக்டர் ஒருவர் ஐந்து நிமிஷத்தில் இதைச் சொல்லி அனுப்பினார். அந்த ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் போன ஒரு மாதச் சம்பளமும் அக்காவின் தூக்கமும் பேக்கேஜின் விலையில் சேராதவை. யாராவது ஒருவர் அந்த ரிப்போர்ட்டை அவன் கையில் கொடுக்கும்போது "எத்தனை மணி நேரமாச்சு சாப்பிட்டு?" என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் ரிப்போர்ட் பிடிஎஃப்பாக வருகிறது, பிடிஎஃப் கேள்வி கேட்காது.

பைக்கில் போகும் ரத்தம்

வீட்டில் வந்து எடுப்பது வசதிதான், நடக்க முடியாத அம்மா மாதிரி ஆட்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ரத்தம் ஊசியிலிருந்து வெளியே வந்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது என்பது ஞாபகம் இருக்க வேண்டும். டியூபுக்குள் இருக்கும் சிவப்பணுக்கள் அங்கே இருக்கும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண டியூபில் சுழற்றிப் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சுகர் குறையும். அதனால்தான் சுகருக்குத் தனியாகச் சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளோரைடு டியூப், அதுகூட முழுசாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஊதா மூடி சிபிசிக்கும் மூன்று மாத சுகருக்கும் (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி), சிவப்போ மஞ்சளோ மூடி போட்டது மற்றவற்றுக்கு. ஆள் காலையில் ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் எடுத்துவிட்டு இன்னும் ஏழெட்டு வீடு சுற்றி, பங்குனி வெயிலில் பத்து மணிக்கு மேல் சென்டருக்குப் போனால், எல்லைக்கோட்டுக்கு மேலே 118 இருக்க வேண்டியவருக்கு நூற்றுக்குள் வரலாம், நன்றாக இருக்கிறேன் என்று அவர் நிம்மதியாகப் போய்விடுவார்.

பொட்டாசியம் இதற்கு நேர் எதிர். நரம்பு கிடைக்கவில்லை என்று ரப்பர் பட்டையை ரொம்ப நேரம் கட்டி வைத்தாலோ, "கையை மூடி மூடித் திறங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ, வழியில் குலுங்கி அணுக்கள் உடைந்தாலோ பொட்டாசியம் ஏறிவிடும். ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு "உடனே எமர்ஜென்சிக்குப் போங்க" என்பார்கள், அங்கே மறுபடி எடுத்தால் நார்மலாக இருக்கும்.

ஆகவே வீட்டு சாம்பிள் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள்: சாம்பல் மூடி டியூப் கொண்டு வந்திருக்கிறாரா, ஐஸ் பெட்டி இருக்கிறதா, எத்தனை மணிக்கு லேபில் போய்ச் சேரும். லேப்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் லேபுக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ரிப்போர்ட்டின் மேலே அந்த முத்திரை இருக்கும். எடுக்க வரும் பையன்களிடம் கோபப்பட வேண்டாம், வேகாத வெயிலில் ஓடுகிற வேலை அது, கேட்டால் மரியாதையாகவே பதில் சொல்வார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு டெஸ்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அதை நிறுத்த வேண்டும். சில மெஷின்களில் அது எண்ணையே மாற்றிவிடும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் எச்சரிக்கையே கொடுத்தது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது

தொந்தரவு இல்லாதவர்களை வரிசையாகக் கூப்பிட்டுச் செக்கப் செய்தால் உயிர் நீள்கிறதா? இதை நிறையப் பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் இன்டர்99 என்ற ஆய்வு, கோபன்ஹேகனைச் சுற்றியுள்ள 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 59,616 பேர். ஒரு பகுதியினருக்குப் பரிசோதனை, ஆலோசனை எல்லாம் கொடுத்து, மற்றவர்களோடு பத்து வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதிலும் வித்தியாசமில்லை என்று 2014இல் எழுதினார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கோக்ரேன் குழு 2019இல் இப்படிப்பட்ட 15 ஆய்வுகளை, மொத்தம் 2,51,891 பேரை, சேர்த்துப் பார்த்தபோதும் பொதுவான செக்கப்பால் மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இதை வைத்து "டெஸ்ட்டே வேண்டாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. அந்த ஊர்களில் ஆளாளுக்குக் குடும்ப டாக்டர் உண்டு, பிரஷர் கூடினால் ஏதோ ஒரு சாக்கில் அவர் கண்ணில் பட்டுவிடும். நம் ஊரில் அப்படி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து செய்த ஆய்வு 2023இல் வந்தது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் எல்லைக்கோட்டில், பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். இதில் எத்தனையோ பேர் காலில் புண் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ரத்தம் எடுக்கும்போது "எனக்கு சுகர் எல்லாம் இல்லைங்க" என்று சொன்னவருக்கு 340 அடித்த ரிப்போர்ட்டை நானே எத்தனையோ முறை கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால் சில டெஸ்ட்கள் நமக்குக் கட்டாயம் வேண்டும். எதைத் தேடுகிறோம், வந்தால் என்ன செய்வோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

பேக்கேஜில் இருப்பதில் பாதிக்கு அந்தப் பதில் கிடையாது. வைட்டமின் டி நம்மில் பெரும்பாலோருக்குக் கோட்டுக்குக் கீழேதான் வரும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அதை வழக்கமாக அளக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் ஹார்மோன் நிபுணர்கள் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியே 2024இல் சொல்லிவிட்டது. யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடுதல், மூட்டு வலியே இல்லை என்றால் அதற்கு மாத்திரை வேண்டியதில்லை, அந்த மாத்திரையால் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரும் என்பதும் நினைவிருக்கட்டும். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபாக்டர் மூட்டில் ஒரு நோயும் இல்லாத வயதானவர்களுக்கும் பாசிட்டிவாக வரும்.

புற்றுநோயைக் காட்டும் என்று ரத்தத்தில் பார்க்கும் கேன்சர் மார்க்கர் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், அண்ணிக்கு அதில்தான் ஆசை. "பெண்களுக்கான பேக்கேஜ்" என்று சினைப்பைப் புற்றுநோய்க்கான மார்க்கர் சிஏ 125ஐச் சேர்த்து விற்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் அது ஏறும், கர்ப்பப்பைக் கட்டியில் ஏறும், வயிற்றில் டிபி இருந்தாலும் ஏறும். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து, சிஏ 125ஐயும் ஸ்கேனையும் கொண்டு வருஷக்கணக்கில் பார்த்தார்கள். சினைப்பைப் புற்றுநோயால் இறப்பது குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. இதற்குப் பக்கத்தில் நம் திண்டுக்கல் மாவட்டத்தை வைத்துப் பாருங்கள். அங்கே கிராமத்துப் பெண்களுக்கு, 30 முதல் 59 வயது வரை, பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் ஆசிட் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையை ஒரே ஒருமுறை செய்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது, 2007இல் லான்செட் இதழில் வந்தது. மெஷின் இல்லை, ரத்தம் இல்லை, பிடிஎஃப் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றும் இலவசமாகச் செய்கிறார்கள், கூச்சத்தினால்தான் பலர் போவதில்லை. "83 டெஸ்ட்டுல அது இல்லையா?" என்று அண்ணி கேட்டார். இல்லை, ரத்தத்தில் அதைப் பார்க்க முடியாது.

மற்ற இரண்டு வழிகள்

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்லது என்னவென்றால் கடைசியில் ஒரு டாக்டர் உட்கார்ந்து பேசுவார், பிரஷர் பார்ப்பார், ஈசிஜி எடுப்பார். கெட்டது, அந்தக் கடைசி டாக்டருக்கு உங்களை அதற்கு முன் தெரியாது, ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் சின்னக் கல்லும் சின்னக் கட்டியும் அடுத்த ஸ்கேனுக்கு அழைத்துப் போகும். பணம் அதிகம். அப்படித்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கட்டணப் பரிசோதனை மையம் இருக்கிறது, 2016இல் தொடங்கியபோது ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் என்று மூன்று வகை வைத்திருந்தார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தை நடுத்தரக் குடும்பங்கள் வீணாக ஒதுக்குகின்றன என்பது என் எண்ணம். 30 வயது தாண்டிய எல்லோருக்கும் பிரஷர், சுகர், வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்பது தேசியத் திட்டம். அதற்கு மேல் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறது. கண்டுபிடித்தால் அடுத்து என்ன என்ற கேள்விக்கு அங்கே பதில் தயாராக இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குறையும் உண்டு, காலை நேரக் கூட்டம், கொழுப்பு டெஸ்ட் போன்றவை எல்லா இடத்திலும் எல்லா நாளும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை

அண்ணி வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார், இருபது வருஷமாக ப்ளவுஸ் தைக்கிறார். "அந்த இன்ச் டேப்பை எடுங்க" என்றேன். சென்னை ஆராய்ச்சியாளர்கள் 2005இல் உருவாக்கிய ஒரு கணக்கு இருக்கிறது, இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்பார்கள். ரத்தமே வேண்டாம், நான்கு கேள்விதான். வயது 35 முதல் 49 என்றால் 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் 10, 90 தாண்டினால் 20, ஆணுக்கு அதே கோடுகள் 90, 100. உடற்பயிற்சியும் இல்லை உட்கார்ந்த வேலையும் என்றால் 30. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சுகர் இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. அறுபது வந்தால் கட்டாயம் டெஸ்ட் எடுக்க வேண்டும். அண்ணி ஊருக்கெல்லாம் அளவெடுத்தவர், தன் இடுப்பை அளந்ததில்லையாம். 36 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், 92 செ.மீ. வயதுக்கு 20, இடுப்புக்கு 20, நாளெல்லாம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதற்கு 30, அவர் அம்மாவுக்குச் சுகர் இருந்ததற்கு 10. மொத்தம் 80. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

மறுநாள் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனோம். அவர் எழுதியது அண்ணிக்கும் அண்ணனுக்கும் வெறும் வயிற்று சுகர், மூன்று மாத சுகர், கொழுப்பு, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், சிபிசி, சிறுநீரில் ஆல்புமின். ஆறு. வாழ்நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டிய மஞ்சள் காமாலை பி, சி இரண்டையும் கூடச் சேர்த்தார், அவை அந்த 83க்குள் இல்லை. தனித்தனியாக எடுத்ததால் பேக்கேஜைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆனது, அதை மறைக்க விரும்பவில்லை. பணத்தை மட்டும் பார்த்தால் பேக்கேஜ்தான் லாபம். வரிக்கழிவு கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல், வருமான வரியின் பழைய முறையில் நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு உள்ள 5,000 ரூபாய் வரையிலான கழிவு இப்படித் தனித்தனியாக எடுப்பதற்கும் பொருந்தும்.

அண்ணிக்கு வெறும் வயிற்றில் 118, மூன்று மாத சுகர் 6.3. ஹீமோகுளோபின் 9.4. மூன்றையும் சேர்த்துப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது சுகரைப் பற்றி இல்லை. "மாசாமாசம் ரத்தப்போக்கு அதிகமா இருக்காம்மா?" என்று கேட்டார். ஒன்றரை வருஷமாக இருக்கிறதாம், வயசு அப்படி என்று விட்டுவிட்டாராம், அண்ணனுக்கே தெரியாது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மூன்று மாத சுகர் பொய்யாகக் கொஞ்சம் ஏறிக் காட்டும், அதனால் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்ட்டையும் எழுதினார். 164 வந்தது. 140க்கும் 199க்கும் நடுவில், அதாவது இன்னும் சர்க்கரை நோய் இல்லை, வாசலில் நிற்கிறார். இரும்பு மாத்திரை, மகப்பேறு மருத்துவரிடம் ஒரு கடிதம், தினமும் நடை. பேக்கேஜிலும் இந்த மூன்று எண்களும் வந்திருக்கும், உண்மைதான். ஆனால் அவற்றோடு போல்டில் வந்த வைட்டமின் டியும் யூரிக் ஆசிடும் சேர்ந்து வந்திருக்கும், அந்தக் கேள்வி மட்டும் வந்திருக்காது.

அண்ணனுக்கு ரத்தத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, கெட்ட கொழுப்பு கொஞ்சம் கூடுதல். பிரஷர் 152/96. வேறு வேறு நாளில் மூன்று முறை பார்த்தும் இறங்கவில்லை. 83 டெஸ்ட்டும் நார்மல் என்று வந்திருந்தால் அந்தத் தைரியத்தில் இன்னும் ஐந்து வருஷம் டாக்டர் பக்கமே போயிருக்க மாட்டார், பிரஷர் ரத்தத்தில் தெரியாது. இப்போது வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குகிறார், அங்கேயே அண்ணியும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டார், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை என்றார்.

அம்மாவின் கணக்கு வேறு. அவர் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், அதில் நீர் பிரியும் மாத்திரையும் ஒன்று. அவருக்குச் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்ப்பது மருந்தைக் கண்காணிப்பது, அது அவசியம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முன்பு எடுத்த ஏதோ ஒரு ரிப்போர்ட்டில் தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்எச் 6.2 என்று இருந்ததைக் காட்டினோம். ஐரோப்பாவில் 65 வயது தாண்டிய 737 பேருக்கு இந்த மாதிரி லேசான ஏற்றத்துக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் சோர்வோ மற்றத் தொந்தரவோ குறையவில்லை என்று 2017இல் கண்டிருக்கிறார்கள். டாக்டரும் மாத்திரை வேண்டாம், மறுபடி பார்ப்போம் என்றார். அம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம், ஏற்கெனவே ஐந்து மாத்திரை.

சரி, அப்படியானால் பேக்கேஜை யார் எடுக்கலாம்? டாக்டரைப் பார்க்கவே மாட்டேன், ஆனால் வீட்டுக்கு வந்தால் கையை நீட்டுவேன் என்று அடம்பிடிக்கும் 50 வயது ஆள் வீட்டில் இருந்தால், எடுத்துவிடுங்கள், ஒன்றும் எடுக்காததற்கு அது மேல். ஆனால் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து எடுங்கள், கேன்சர் மார்க்கர் உள்ளதை விடுங்கள், ரிப்போர்ட் வந்ததும் அதைக் காட்டப் போகும் டாக்டரின் பெயரை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், போல்டு எழுத்தை இணையத்தில் தேடி மருந்து சாப்பிடாதீர்கள். எல்லாம் நார்மலாக வந்த 30 வயது ஆள் வருஷாவருஷம் எடுக்க வேண்டியதில்லை, சுகரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். எல்லைக்கோட்டில் இருப்பவர் வருஷம் ஒருமுறை. பிரஷரும் இடுப்பும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அண்ணி தன் அளவு நோட்டில், கஸ்டமர்களின் கழுத்து, தோள், கை அளவுகளுக்கு நடுவில், இப்போது ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். மேலே தன் பெயர், கீழே அண்ணன் பெயர், பக்கத்தில் தேதியும் இடுப்பளவும். ஏப்ரலில் நான் போயிருந்தபோது அண்ணியுடையது 35¼, ஹீமோகுளோபின் 11.2. அண்ணனுடையது 40 அங்குலத்திலிருந்து அசையவில்லை. "உங்க அண்ணன் டேப்பை எடுத்தாலே மூச்சை உள்ளே இழுத்துக்கிறார் தம்பி" என்றார்.